உச்சிக்கு முந்தைய வளைவு

கமாலுக்கு யார் ஜெயிக்கிறார்கள் என்பதில் பெரிய அக்கறை கிடையாது. பாதைதான் வேண்டும். மூன்று வாரம் பிரான்ஸைச் சுற்றி வரும் அந்த சைக்கிள் பந்தயத்தின் பாதையை முந்தைய வருடம் அக்டோபரிலேயே அறிவித்துவிடுவார்கள். அறிவித்த மறுநாள் ஆபீஸ் பிரிண்டரில் அதைக் கலரில் பெரிதாக எடுத்துவந்து, அமெரிக்காவில் இருக்கும் எங்கள் டப்ளின் அபார்ட்மெண்டின் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுவார். அதற்கப்புறம் எனக்குப் பால் வேண்டுமென்றாலும் பிரான்ஸைத் திறந்துதான் எடுக்க வேண்டும்.

நான் திட்டுவேன். அவர் கேட்டுக்கொள்ள மாட்டார். ஃப்ரிட்ஜ் முன்னால் நின்று பாடம் எடுப்பார். சமதளத்தில் எல்லோரும் ஒரே கும்பலாகப் போவார்கள், அதில் ஒன்றுமில்லை. மலை வந்தால்தான் கும்பல் உடையும். யாருக்கு மூச்சு இருக்கிறது, யாருக்கு இல்லை என்பது அங்கேதான் தெரியும். மலை நாட்களுக்கு மட்டும் பக்கவாட்டில் வரைந்த படம் தனியாக இருக்கும், ரம்பத்தின் பல் மாதிரி. எந்த மலை எங்கே செங்குத்தாகிறது, எங்கே மூச்சு வாங்க இடம் கொடுக்கிறது, எல்லாம் அவருக்கு மனப்பாடம். எங்கள் மகள் ரிதாவின் டாக்டர் அப்பாயிண்ட்மெண்ட் மட்டும் மனதில் நிற்காது.

"அங்க போய் நீங்க ஓட்டப்போறீங்களா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எதுக்கு அவ்வளவு தூரம்? நமக்குத்தான் பக்கத்துலயே ஒண்ணு இருக்கே."

அவர் சொன்னது டயாப்ளோ மலையை. எங்கள் பார்க்கிங் லாட்டில் நின்றாலே தெரியும். டயாப்ளோ என்றால் ஷைத்தான். ஊரில் உள்ள மாமியாருக்குத் தெரிந்தால் மயக்கம் போட்டு விழுவார். சனிக்கிழமை காலை சுபுஹு தொழுதுவிட்டு, "ஷைத்தான் மலைக்குப் போயிட்டு வரேன், அஸ்ஸலாமு அலைக்கும்" என்று சிரித்துக்கொண்டே கிளம்புவார். கூடவே குமார் அண்ணா.

குமார் அண்ணாவின் முழுப்பெயர் குமாரசாமி. உடுமலைப்பேட்டைக்காரர். சான் ரமோனில் கமாலோடு ஒரே ஆபீஸ், ஒரே கார்பூல். அவரும் அவர் மனைவி நாகமணி அக்காவும் எங்களுக்கு அடுத்த பில்டிங். ரிதா பிறந்தபோது எங்கள் இரண்டு பக்கத்துப் பெரியவர்களுக்கும் விசா கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு ட்ரைவ் பண்ணிக்கொண்டு போனதும், வாசலில் காத்திருந்ததும், எனக்கு ரசம் வைத்துக் கொண்டுவந்ததும் இவர்கள்தான். ஜூலை மாதம் வந்தால் விடியற்காலையிலேயே குமார் அண்ணா எங்கள் ஹாலுக்கு வந்துவிடுவார். பிரான்ஸில் மத்தியானம், இங்கே காலை. இருவரும் டீயை வைத்துக்கொண்டு டிவியில் மலையேறுகிறவர்களைப் பார்த்துவிட்டு, அப்படியே ஆபீஸ் போவார்கள்.

ஆல்ப்ஸில் ஒரு மலை இருக்கிறதாம். அதன் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் நம்பர் போட்ட பலகை உண்டு, மேலே போகப்போக நம்பர் குறைந்துகொண்டே வரும். ஏறுகிறவனுக்கு மிச்சம் எவ்வளவு என்று தெரியும். டயாப்ளோவில் அந்த மாதிரிப் பலகை கிடையாது. அதனால் கமால் வளைவுக்கு வளைவு "குமாரு, இன்னும் எவ்வளவு?" என்று கேட்பாராம். "நானும் 'வந்தாச்சு, இந்த வளைவு தாண்டுனா உச்சி'ன்னு ஒவ்வொரு தடவையும் பொய் சொல்லுவேனுங்க. அவரும் நம்பி மிதிப்பாரு" என்பார் குமார் அண்ணா. இதைச் சொல்லி இருவரும் சிரிப்பார்கள். எனக்கு இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று புரிந்ததில்லை.

2003 மே மாதம் ஒரு சனிக்கிழமை, உச்சிக்கு நாலு வளைவு கீழே, கமால் சைக்கிளை விட்டு இறங்கி ரோட்டோரம் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. முப்பத்தொன்பது வயது. ஹார்ட் என்றார்கள். செல்போனுக்கு அங்கே சிக்னல் இல்லை. வழியில் வந்த ஒரு வெள்ளைக்கார சைக்கிள்காரர் கீழே ரேஞ்சர் ஆபீஸுக்குப் பறந்து போய்ச் சொன்னார். ஹெலிகாப்டர் வரும்வரை கமாலின் பக்கத்தில் இருந்தது குமார் அண்ணா மட்டும்தான். ஹெலிகாப்டர் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

எங்களில் ஒருவருக்கு உயிர் பிரியும்போது நாவில் கலிமா இருக்க வேண்டும். அல்லாஹ்வைத் தவிர வேறு இறைவன் இல்லை, முஹம்மது அவனுடைய தூதர். இவ்வளவுதான் கலிமா. ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். சொல்ல முடியாதவருக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் காதருகே குனிந்து மெதுவாக எடுத்துக் கொடுப்பார்கள். எங்கள் ஊர் உத்தமபாளையத்தில் என்னைப் பெற்ற அத்தாவுக்கு நாலு பேர் சுற்றி உட்கார்ந்து எடுத்துக் கொடுத்தார்கள். கமாலுக்கு யார் இருந்தார்கள்?

மாமியார் வெள்ளிக்கிழமைதோறும் போன் பண்ணுவார். நலம் விசாரிப்பார், ரிதா சாப்பிட்டாளா என்பார், மகனுக்காகக் குர்ஆனில் யாசின் ஓதியதைச் சொல்வார். எல்லாம் முடிந்து வைக்கப்போகும் நேரத்தில் குரல் இறங்கும்.

"முனவ்வரா, எம்புள்ள கலிமா சொன்னானா? ஏதாச்சும் தெரிஞ்சுதா?"

"விசாரிக்கிறேன் மாமி."

"அது ஒண்ணு தெரிஞ்சா நான் தூங்கிருவேம்மா."

எனக்கும் அப்படித்தான் இருந்தது. மாமியாருக்காகக் கேட்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டாலும், இரவில் கட்டிலின் அந்தப் பக்கம் காலியாகக் கிடக்கும்போது கேட்டது நான்தான். துக்கம் கேட்க வந்த ஃப்ரீமான்ட் ஊர் ஆன்ட்டி ஒருவர் வேறு, "எந்த மலைம்மா? டயாப்ளோவா? அந்தப் பேருள்ள எடத்துலயா மவுத்தானாரு?" என்று வாயில் கை வைத்தார். அவர் கெட்டவர் இல்லை, மூன்று நாள் எங்களுக்குச் சோறு ஆக்கிப் போட்டவர். ஆனால் அந்தக் கையை அவர் வாயிலிருந்து எடுப்பதற்குள் எனக்கு உள்ளே ஏதோ அறுந்துவிட்டது.

கேட்க வேண்டிய ஒரே ஆள் குமார் அண்ணா. அவரோ ஓடி ஒளிந்தார். லிவர்மோர் பக்கத்து மையவாடியில் அடக்கம் முடிந்ததோடு சரி. தோள் கொடுத்தார், மண் போட்டார் என்று சொன்னார்கள். அதற்கப்புறம் எங்கள் வீட்டுக்குள் கால் வைக்கவில்லை. அரிசி மூட்டை, பால், ஹலால் கடைக் கறி எல்லாம் வாசலில் இருக்கும். பெல் அடிக்கும், கதவைத் திறந்தால் ஆள் இருக்காது. போன் பண்ணினால் நாகமணி அக்கா எடுத்து, "அவுங்க குளிச்சுட்டு இருக்காங்க கண்ணு" என்பார். ஒரு மனுஷன் காலை, மத்தியானம், சாயங்காலம் என்று எவ்வளவுதான் குளிப்பார்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. மறைக்கிறார் என்றால் மறைக்க ஏதோ இருக்கிறது. கமால் வலியில் துடித்திருப்பாரோ. வேறு ஏதாவது சொல்லியிருப்பாரோ. நல்லதாக இருந்தால் ஒரு நண்பன் ஓடிவந்து சொல்ல மாட்டானா?

ஜூலை பிறந்ததும் இன்னொரு சேதி வந்தது. குமார் அண்ணாவின் வேலையை டெக்ஸாஸுக்கு மாற்றிவிட்டார்கள். மாதக் கடைசியில் வீட்டைக் காலி பண்ணிவிட்டு டல்லாஸ் போகிறார்கள். எனக்கும் இங்கே நாள் இல்லை. நான் இந்த நாட்டுக்கு வந்ததே கமாலின் விசாவைப் பிடித்துக்கொண்டுதான். அவரோடு அதுவும் போயிற்று. வக்கீல் ஒருவர் எழுதிப்போட்டு, நான் இத்தா முடிக்கும்வரை தங்க வழி பண்ணிக் கொடுத்திருந்தார். கணவன் இறந்தால் மனைவி நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருந்து, வெளி ஆண்கள் முன்னால் வராமல் இருக்கும் காலம்தான் இத்தா. அது முடிந்ததும் நானும் ரிதாவும் உத்தமபாளையம் திரும்ப வேண்டும். டல்லாஸ் போனபின் போனில் கேட்கலாம்தான். போனில் அவர் குளிக்கப் போய்விடுவார்.

வழி காட்டியது ரிதாதான். அவளுக்கு ஆறு வயது. டேகேரில் கொடுத்த லேடிபக் வண்டுக் காந்தம் ஒன்றை ஒவ்வொரு ஜூலையும் அன்றைய பந்தயம் முடியும் ஊருக்கு நகர்த்தி வைப்பது அவள் வேலை. இந்த வருடம் அவளே ஸ்டூல் போட்டு ஏறி, காந்தத்தைப் பாரிஸில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"மம்மி, ஹூ வில் டெல் மீ த மவுண்டன்ஸ்?"

எனக்கு அழுகை வந்தது. அழுது முடித்ததும் யோசனை வந்தது. நாகமணி அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, ரிதா அவங்க அத்தாவோட ரேஸைப் பாக்கணும்னு அடம் புடிக்கிறா. எனக்கு அதுல ஒரு மண்ணும் தெரியாது. மலை வர்ற நாளுக்கு மட்டும் அண்ணாவக் கூட்டிட்டு வாங்க. நீங்களும் வாங்க."

 "கூட்டியாரேன். குளிக்கப் போனாலும் துண்டோட இழுத்துட்டு வாரேன்" என்றார் அக்கா.

அடுத்த பிரச்சினை மறைப்பு. எங்கள் ஊர் வீடென்றால் நடுவில் சுவர் இருக்கும். இங்கே ஓபன் கிச்சன், ஹாலில் இருந்து பார்த்தால் குழம்பு கொதிப்பது தெரியும். பாத்ரூமில் ஷவர் கர்ட்டன் மாட்டும் கம்பி இன்னொன்றை நாகமணி அக்காவிடம் வாங்கி வரச்சொல்லி, கிச்சனுக்கும் ஹாலுக்கும் நடுவே முடுக்கி, ரிதாவின் பழைய பெட்ஷீட்டைத் தொங்கவிட்டேன். பச்சையும் ஆரஞ்சுமாக டைனோசர் படம் போட்டது. வேறு சமயமாக இருந்தால் கமால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். ஆனால் இத்தாவை நான் யாருக்காகவும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. கமாலுக்கென்று இனி நான் செய்வதற்கு இருந்தது அது ஒன்றுதான்.

ஆல்ப்ஸ் வந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் குமார் அண்ணா வந்தார். ஷீட்டுக்கு அந்தப் பக்கம் அவரும் ரிதாவும் டிவியும். இந்தப் பக்கம் நானும் நாகமணி அக்காவும். என்னிடம் சலாமுக்குப் பதிலாக "நல்லாருக்கீங்களாம்மா" என்று ஒரு வார்த்தை. அப்புறம் முழுக்க ரிதாவோடுதான். இந்த வருடம் பந்தயம் எந்தத் திசையில் சுற்றுகிறது, ஏன் ஆல்ப்ஸ் முதலில் வருகிறது, டீம் தலைவனுக்குத் தண்ணி எடுத்துக் கொடுப்பதற்கென்றே கூட வருகிறவர்கள் யார், எல்லாம் சொன்னார். குரல் கமாலின் குரல் இல்லை, ஆனால் வார்த்தைகள் அத்தனையும் கமாலுடையவை. நான் வெங்காயத்தை எடுத்து வைத்துக்கொண்டேன், கண்ணில் தண்ணீர் வந்தால் காரணம் சொல்ல. கேட்க வாய் வரவில்லை. பந்தயம் முடிந்த அடுத்த நிமிடம் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த மலைத்தொடரான பைரனீஸும் வந்து, அதுவும் முடியும் நாள் வந்தது. திங்கட்கிழமை. உச்சியில் போய் முடியும் கடைசி மலை அன்றைக்குத்தான். அதற்கப்புறம் பாரிஸ்வரை அப்படி ஒன்று கிடையாது. அவர் இனி வர மாட்டார் என்று எனக்குத் தெரியும். விடியுமுன்பே எழுந்து தொழுதுவிட்டு, இன்றைக்குக் கேட்டே தீருவது என்று உட்கார்ந்திருந்தேன். 

குமார் அண்ணா ஆபீஸ் சட்டையோடு வந்தார். டிவியில் அதற்குள் ஒரு பெரிய மலையை ஏறி இறங்கி, கடைசி மலையில் ஏற ஆரம்பித்திருந்தார்கள். ரோட்டின் இரண்டு பக்கமும் ஜனம் நெருக்கி நிற்கிறது, சைக்கிளுக்குச் சந்து மாதிரிதான் வழி இருக்கிறது என்று ரிதாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். திடீரென்று டிவியில் எல்லோரும் ஒன்றாகக் கத்தினார்கள்.

"மம்மி, த யெல்லோ மேன் ஃபெல் டவுன்," என்றாள் ரிதா.

மஞ்சள் பனியன்காரர்தான் பந்தயத்தில் முதலாவதாக இருப்பவர். ஓரத்தில் நின்ற யாரோ ஒருவரின் பை ஹாண்டில் பாரில் மாட்டி, ஆள் தரையில் கிடக்கிறாராம். மற்றவர்கள் சுற்றிக்கொண்டு முன்னால் போய்விட்டார்கள். அப்புறம் ரிதா, "வொய் ஆர் தே கோயிங் ஸ்லோ?" என்று கேட்டாள்.

"அவரு எந்திரிச்சு வரட்டும்னு காத்துட்டு இருக்காங்க கண்ணு. இந்த ரேஸ்ல அப்படி ஒரு மரியாத இருக்குது. மஞ்சச்சட்டக்காரர் விழுந்துட்டா அந்த நேரத்துல அவரத் தாண்டிட்டுப் போகமாட்டாங்க. உங்க அத்தாவுக்கு இது ரொம்பப் புடிக்கும்."



"அங்கிள், டிட் யூ வெயிட் ஃபார் அத்தா?"

நாகமணி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பக்கம் சோபா கிரீச்சிட்டது, எழுந்து போகப் போகிறார் என்று நினைத்தேன்.

"வெயிட் பண்ணினேன் கண்ணு," என்றார். குரல் உடைந்திருந்தது. "அங்கயேதான் இருந்தேன்."

இதற்குமேல் நான் பொறுக்கவில்லை. "அண்ணா, டிவியக் கொஞ்சம் கொறைங்க," என்றேன். குறைத்தார். "நீங்க டெக்ஸாஸ் போயிருவீங்க. நானும் ஊருக்குப் போயிருவேன். அப்புறம் இதக் கேக்க எனக்கு ஆளே கிடையாது. அவரு கடைசில என்ன சொன்னாரு? கலிமா சொன்னாரா? எதுவா இருந்தாலும் சொல்லுங்க. நான் தாங்கிக்குவேன்."

டைனோசர்கள் அசையாமல் தொங்கின. அவர் சொன்னார்:

"சொல்லலீங்க."

நான் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டேன். தாங்கிக்கொள்வேன் என்று சொன்னது சும்மா. 

"பேச்சு வரலீங்க அவருக்கு. உக்காந்ததும் 'குமாரு, இன்னும் எவ்வளவு?'ன்னு கேட்டாரு. எப்பவும் கேக்கறதுதான். நானும் எப்பவும் போலவே, 'வந்தாச்சு, இந்த வளைவு தாண்டுனா உச்சி'ன்னேன். அதுக்கப்புறம் அவரு வாயத் தெறந்தாரு, சத்தம் வரல." நிறுத்தி மூச்சு வாங்கினார். "அப்ப நான் ஒரு காரியம் பண்ணிட்டேன். அதச் சொல்லத்தான் பயந்துட்டு ஓடுனேன். உங்களுக்குக் கோவம் வந்தா திட்டிருங்க. நாகு, நீயும்."

நாகமணி அக்கா என் கையை விட்டார்.

"ரிதா பொறந்தப்ப நான்தான் கேம்கார்டர் புடிச்சுட்டு நின்னேன். கமால் கொழந்தைய வாங்குனதும் வலது காதுல வாய வெச்சு பாங்கு சொன்னாரு. அந்த டேப்ப ஊருக்கு அனுப்பறக்கு நான்தான் காப்பி போட்டேன், எத்தனையோ தடவ பாத்திருக்கேன். உங்க ஆளுங்களுக்கு முக்கியமான நேரத்துல காதுல சொல்றது இதுதான்னு மனசுல பதிஞ்சுபோச்சு. அன்னைக்கு அவரு வாயத் தெறந்து தெறந்து மூடறாரு. ஏதோ சொல்லணும்னு தெரியுது, யாராச்சும் சொல்லிக் குடுக்கணும்னு தெரியுது. அங்க யாரு இருக்கா? உடுமலைல எங்க வீட்டுக்குப் பின்னாடியே பள்ளிவாசல். படிக்கிற காலத்துல விடியக்காலைல அந்தச் சத்தத்துலதான் எந்திரிப்பேன். அர்த்தம் தெரியாது, ஆனா ஒரு எழுத்து விடாம வரும். அவரு காதுல நான் பாங்கு சொன்னேனுங்க."

பாங்கு என்பது தொழுகைக்கு அழைப்பது. பள்ளிவாசலில் ஐந்து வேளையும் சொல்வது. பிறந்த குழந்தையின் காதிலும் சொல்வோம், இந்த உலகத்தில் அது கேட்கும் முதல் வார்த்தை அதுவாக இருக்கட்டும் என்று. சாகிறவர் காதில் பாங்கு சொன்னதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"விடியக்காலைப் பாங்கா அண்ணா?"

"ஆமாங்க. அதுல ஒரு வரி கூட வரும்ல. எனக்கு அதுதான் தெரியும்."

அந்த வரிக்குத் தூக்கத்தைவிடத் தொழுகை மேலானது என்று அர்த்தம். அவருக்கு நான் அதைச் சொல்லவில்லை, சொல்ல முடியவில்லை.

"முழுசாச் சொன்னீங்களா?"

"நடுவுல ஒருக்கா தொண்ட அடச்சுக்குச்சு. மறுபடி மொதல்லருந்து சொன்னேன்."

"கடைசி வரி வரைக்கும்?"

"லா இலாஹ இல்லல்லாஹ். அதுலதான முடியும்."

கலிமாவும் அந்த வார்த்தைகளில்தான் தொடங்கும். அப்படியானால் அது காதில் விழுந்திருக்கிறது. நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

"அப்ப அவரு என்ன பண்ணாரு?"

பாங்கைவிட இந்தக் கேள்விக்குத்தான் அவர் இரண்டு மாதமாக ஓடி ஒளிந்திருக்கிறார் என்று பதில் வந்தபோதுதான் தெரிந்தது. பெரிய ஆள், விசும்பி விசும்பி அழுதார்.

"கைய என் மடில வெச்சிருந்தாரு. ஒரு வெரல மேல தூக்குனாரு முனவ்வரா. உச்சியக் காட்டுனாரு. நான் வந்தாச்சுன்னு பொய் சொன்னது அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. மேல கூட்டிட்டுப் போன்னு கேக்கறாரு. நாலே வளைவு. எத்தன வருசமா ஏறுன மலை. என்னால அவரத் தூக்க முடியல. கடைசியா ஒண்ணு கேட்டாரு, அத நான் செய்யல. எந்த மூஞ்சிய வெச்சுட்டு உங்க வீட்டு வாசப்படி ஏறுவேன்?"

நான் நிமிர்ந்து நின்றேன். "எந்த வெரலு அண்ணா?"

அவர் என்னிடம் காட்ட முடியாதே. ரிதாவிடம் காட்டியிருப்பார். பெட்ஷீட்டின் அடியில் புகுந்து ரிதா என் முன்னால் வந்து நின்றாள். வலது கையை மூடி, ஆள்காட்டி விரலை மட்டும் நிமிர்த்திக் காட்டினாள்.

"லைக் திஸ், மம்மி. அத்தா டஸ் இட் வென் ஹி ப்ரேஸ்."

ஒவ்வொரு தொழுகையிலும் கடைசியில் உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கலிமா வார்த்தைகள் வரும். வரும்போது அந்த விரலை உயர்த்துவோம். நினைவு தெரிந்த நாளிலிருந்து கமால் ஒரு நாளைக்கு எத்தனை முறை உயர்த்திய விரல் அது. நாக்கு எழாதபோது, தெரிந்த வார்த்தை காதில் விழுந்ததும், விரல் தானாக எழுந்திருக்கிறது.

நான் ஷீட்டுக்குக் கிட்டே போய் நின்றுகொண்டேன்.

"அண்ணா. அவரு உச்சியக் காட்டல."

"இல்லீங்க, மேலதான்…"

"அதுதான் கலிமா. வாயால சொல்ல முடியாதவங்க அப்படித்தான் சொல்லுவாங்க. நீங்க எடுத்துக் கொடுத்தீங்க, அவரு சொல்லிட்டாரு. அவரு உங்ககிட்ட எதையும் கேக்கல."

அந்தப் பக்கம் விசும்பல் நின்றது. நாகமணி அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஷீட்டைப் பார்த்து அதட்டினார்.

"ஏனுங்க, இதையா என்கிட்டச் சொல்லாம இருந்தீங்க? நான் என்ன திட்டுவேன்னு நெனச்சீங்க? எனக்கு அப்படி ஒண்ணு ஆகி, பக்கத்துல கமால் மட்டும் இருந்திருந்தா, என் காதுல முருகான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்க மாட்டாரா?"

சொல்லியிருப்பார். அதுவும் தப்பும் தவறுமாக ஒரு முழுப் பாட்டையே பாடியிருப்பார். அதை நினைத்ததும் எனக்கு அழுகை அடக்க முடியாமல் வந்தது. மே மாதத்திலிருந்து நான் அழுத அழுகை எதுவும் அந்த மாதிரி இல்லை, அதெல்லாம் நெஞ்சை அடைத்தது, இது திறந்துவிட்டது.

டிவியில் பந்தயம் முடிந்திருந்தது. விழுந்த மஞ்சள் பனியன்காரர் எழுந்து போய் எல்லோருக்கும் முன்னால் உச்சியைத் தொட்டாராம். எங்களில் யாரும் அதைப் பார்க்கவில்லை. ரிதா ஸ்டூலில் ஏறி லேடிபக்கைக் கடைசி மலைக்கு நகர்த்தினாள்.

வெள்ளிக்கிழமை வரை காத்திருக்க என்னால் முடியாது. காலிங் கார்டைச் சுரண்டி உத்தமபாளையத்துக்குப் போன் போட்டேன். அங்கே இரவு இஷா தொழுகை முடிந்திருக்கும் நேரம். குமார் அண்ணா இன்னும் ஹாலில்தான் இருந்தார்.

"மாமி, கலிமா கெடச்சிருச்சு. வெரலத் தூக்கிச் சொல்லியிருக்காரு."

 நான் நடந்ததை எல்லாம் சொன்னேன். மலையின் பெயரைத் தவிர.

"காதுல பாங்கா?" என்றார் மாமி. "அது பொறந்த புள்ளைக்குல்ல சொல்றது."

"அவருக்கு அதுதான் தெரியும் மாமி."

 கார்டில் நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு மறுபடி பயமாக இருந்தது. தப்பு என்று சொல்லிவிடுவாரோ.

"அடக்கத்துக்கு முன்னாடி தொழுற ஜனாஸா தொழுகைக்குப் பாங்கே கிடையாதும்மா," என்றார் கடைசியில். "பொறந்தப்ப சொன்னதோட சரி. எம்புள்ளைக்கு மட்டும் ரெண்டாந்தடவ சொல்ல அல்லாஹ் ஒரு ஆள அங்க நிப்பாட்டி வெச்சிருக்கான்." மூக்கை உறிஞ்சினார். "அந்தத் தம்பி பேரு என்ன சொன்ன?"

"குமாரசாமி மாமி."

"அவங்க அத்தா பேரு?"

"எதுக்கு மாமி?"

"அல்லாஹ்கிட்ட துஆ கேக்கறப்ப அத்தா பேரையும் சேத்துச் சொல்லணும். வேற யாரோன்னு ஆயிரக்கூடாதுல்ல."

நான் ஷீட்டைப் பார்த்துக் கேட்டேன். "அண்ணா, உங்க அப்பா பேரு என்ன?"

"நஞ்சப்பன். எதுக்குங்க?"

நான் பெயரைப் போனில் சொன்னேன். மாமிக்கு ஒருமுறையில் பிடிபடவில்லை, திருப்பிச் சொல்லச் சொன்னார். அப்புறம் நான் லைனில் இருப்பதையே மறந்துவிட்டு, குர்ஆன் பாடம் செய்கிற பிள்ளை மாதிரி அதை மனப்பாடம் பண்ண ஆரம்பித்தார். நான் ரிசீவரை ஷீட்டுக்குப் பக்கத்தில் நீட்டிப் பிடித்தேன், அந்தப் பக்கம் இருப்பவருக்கும் கேட்கட்டும் என்று.

"நஞ்சப்பன் மகன் குமாரசாமி. நஞ்சப்பன் மகன் குமாரசாமி."